காத்து கம்மியா? கிளம்புங்க குலசைக்கு!

குலசைன்னு சொன்னதும் சட்டுனு என்ன ஞாபகம் வருது? தசரா, அதுதானே? காளி, குறத்தி, கரடி, போலீஸ் என்று ஊரே வேஷம் கட்டி ஆடும். முத்தாரம்மன் கோயிலைச் சுற்றி மேளச்சத்தம் காதைப் பிளக்கும். விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். கால் வைக்க மணல் கிடைக்காத கூட்டம். காப்பு அவிழ்த்ததும் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவோம். மிச்சமிருக்கிற முந்நூத்தி சொச்சம் நாளும் அந்தக் கடற்கரை என்ன பண்ணும்னு யாராவது யோசிச்சிருக்கோமா?

காத்து வாங்கிக்கிட்டு இருக்கும் பாஸ்!

அந்தக் காத்துக்காகத்தான் உங்களை இப்போ குலசைக்குக் கூப்பிடுறேன். புயல் காத்து இல்லை. அம்மியைப் பறக்கவைக்கிற ஆடிக்காத்தும் இல்லை. பனையோலை லேசாகச் சலசலக்குமே, அந்த அளவு காத்து. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செம விளையாட்டைக் கத்துக்கலாம். பேரு விண்ட்சர்ஃபிங்.

'விண்ட்சர்ஃபிங்கா? அதுக்குப் பேய்க்காத்துல்ல அடிக்கணும்'னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. டிவியில் பார்த்தது அப்படி. பனைமர உயரத்துக்கு அலை, அதுக்கு மேல பாயோட ஒரு மனுஷன் குட்டிக்கரணம்! அதெல்லாம் இந்த விளையாட்டில் பி.ஹெச்டி. முடிச்சவங்க செய்கிற வேலை. நாம இன்னும் எல்.கே.ஜி. அட்மிஷனே வாங்கலை. எல்.கே.ஜி.க்கு சிலபஸ் இளங்காத்துதான். அந்த சிலபஸுக்குத் தோதான ஒரு கடற்கரை நம்ம குலசை, மணப்பாடு பக்கம் இருக்கு. எப்போ போகணும், எப்போ போகவே கூடாது, இரண்டையும் தெரிஞ்சுக்கிட்டாதான் இந்த விளையாட்டு. வாங்க பார்க்கலாம்.

பலகை மேல பாய்

ரொம்ப சிம்பிள் சமாச்சாரம். அலைச்சறுக்குப் பலகை மாதிரி ஒரு போர்டு. அதன் நடுவில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பாய். பாயைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பக்கமும் வளைந்து வருகிற ஒரு கைப்பிடி. அதற்கு 'பூம்' என்று பெயர். போர்டின் அடிவயிற்றிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற ஒரு சின்னப் பலகை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது போர்டு நண்டு மாதிரி நகர்ந்துவிடாமல் இந்தப் பலகைதான் பிடித்துக்கொள்கிறது.

சாதாரணப் பாய்மரப் படகுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. படகில் கம்பம் அசையாமல் நிற்கும், திருப்புவதற்குச் சுக்கான் இருக்கும். இதில் சுக்கானே கிடையாது. கம்பத்தின் அடியில் எந்தப் பக்கமும் மடங்குகிற ஒரு மூட்டு இருக்கிறது. கம்பத்தைப் பின்பக்கம் சாய்த்தால் போர்டின் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். முன்பக்கம் சாய்த்தால் காற்றை விட்டு விலகும். டிரைவர், கிளீனர், ஸ்டீயரிங் எல்லாமே நீங்கதான்!

இதை யார் கண்டுபிடிச்சதுங்கிறதுல ஒரு சுவாரசியமான கோர்ட் கேஸ் உண்டு. கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்ஸர், ஜிம் டிரேக் என்று இரண்டு பேர் 1968-ல் இதற்கு பேடன்ட் கேட்டு விண்ணப்பித்தார்கள். டிரேக் ஒரு விமானத்துறை இன்ஜினீயர். பேடன்ட் கிடைத்தது, பிசினஸும் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அதற்கு முன்பே, 1964-ல், பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்பவர் பாய் வைத்த பலகையைச் செய்து, 1965-ல் பத்திரிகையில் கட்டுரையும் எழுதியிருந்தார். பேடன்ட் மட்டும் வாங்கலை. இங்கிலாந்தில் வழக்கு வந்தபோது இன்னொரு குண்டு விழுந்தது. 1958-ல் ஹெய்லிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயசுப் பையன் ஒரு பலகையில் பாயைக் கட்டி விளையாடியிருக்கிறான் என்று சாட்சி வந்தது. 1985-ல் அங்கே அந்த பேடன்ட் செல்லாது என்று தீர்ப்பானது. ஒரு பொடியனின் லீவு விளையாட்டு, ஒரு பெரிய கம்பெனியைச் சாய்த்துவிட்டது!

ஆடிக்காத்துல ஆட்டம் வேண்டாம்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நெல்லை, தூத்துக்குடிக்காரங்களுக்குக் காத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று எங்கே இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பது அதனால்தான். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணையை 1986-ல் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில் அமைத்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகளைப் பார்த்திருப்பீங்க. அந்த மணல்மேடுகளைக் குவித்து, கலைத்து, மறுபடி குவிப்பதும் இதே மேல்காற்றுதான்.

'அப்போ ஆடிமாசம் போனா பறக்கலாமே?'

பறக்கலாம். திரும்பி வர்றதுதான் கஷ்டம்.

இரண்டு காரணம். முதல் காரணம் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழுகிற விசை நாலு மடங்காகும். 5 நாட் காற்றில் பிடித்த பாயை 10 நாட்டில் பிடித்தால் நாலு மடங்கு இழுக்கும். 15 நாட் என்றால் ஒன்பது மடங்கு. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) ஜிம்முக்குப் போய் வளர்த்த தசையெல்லாம் இந்தக் கணக்கு முன்னால் சும்மா.

இரண்டாவது காரணம் திசை. குலசைக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. மேல்காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். ஏன்னா பனங்காடும் வீடுகளும் காற்றை மறைத்துக்கொண்டிருக்கும், அலை எழும்ப இடமும் இருக்காது. 'அட, சும்மா ஜம்முனு இருக்கே'ன்னு இறங்கினால் நூறு, இருநூறு மீட்டர் போனதும் மறைப்பு தீர்ந்து முழுக் காற்றும் முதுகில் அறையும். அங்கிருந்து நேரே போனால் அடுத்த கரை இலங்கை, ஏறத்தாழ 180 கிலோமீட்டர்! அதே மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் கல்பிட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை உலகம் முழுக்க இருந்து கைட்சர்ஃபிங்காரர்கள் அங்கே குவிகிறார்கள். காரணம், இங்கே நம்மைக் கடலுக்குள் தள்ளுகிற அதே பருவக்காற்று அங்கே கடலிலிருந்து கரைக்கு வருகிறது. ஒரே காத்து. ஒரு கரைக்கு வரம், எதிர்க்கரையில் எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கலங்கிய கடல். அப்போ எப்போதான் போறது?

பங்குனி வெயில், மத்தியானக் கடல்காத்து

வாடை அடங்கி, மேல்காற்று இன்னும் கிளம்பாத இடைவெளி ஒன்று உண்டு. மாசிக் கடைசியிலிருந்து பங்குனி, சித்திரை வரை. இந்த மாதங்களில் ஓட்டம் காட்டுகிற ஹீரோ, கடல்காத்து. பள்ளிக்கூடத்தில் படிச்சதுதான். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்ப கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். காலையில் ஓலை அசையாது. பதினொரு மணி, பன்னிரண்டு மணி வாக்கில் மெதுவாகக் கிளம்பும். மத்தியானம் சூடு பிடிக்கும். பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும்.

இதில் உள்ள பெரிய சௌகரியத்தைக் கவனிச்சீங்களா? கடல்காத்து கடலிலிருந்து கரைக்கு வீசுவது. நீங்க விழுந்தாலும், பாயைத் திருப்பத் தெரியாமல் முழிச்சாலும், கை ஓய்ந்து சும்மா உட்கார்ந்தாலும் காற்று உங்களைக் கரைப்பக்கமாகத்தான் கொண்டுவரும். கத்துக்குட்டிக்கு இதைவிட நல்ல நண்பன் கிடைப்பானா?

காற்றை அளக்கக் கருவி வேண்டாம். 1805-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் கண்ணால் பார்த்தே காற்றுக்கு மார்க் போட ஓர் அட்டவணை எழுதினார். அதை நம்ம ஊர்ப் பாஷைக்கு மாத்திக்கலாம். முகத்தில் காத்து படுகிறது, ஓலை சலசலக்கிறது, கடலில் குட்டிக் குட்டிச் சுருக்கங்கள். இது 4 முதல் 6 நாட். முதல் நாள் பாடத்துக்கு அம்சமான காத்து. ஓலை விடாமல் ஆடுகிறது, படகில் கட்டின கொடி நீட்டிக்கொள்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாய் வெள்ளை நுரை தெரிகிறது. இது 7 முதல் 10 நாட். நாலைந்து நாள் பழகினவர்களுக்கு ஓகே. மணலும் காகிதமும் பறக்கிறது, கடல் முழுக்க வெள்ளைக் குதிரைகள் ஓடுகின்றன. 11 நாட்டைத் தாண்டியாச்சு. எல்.கே.ஜி. கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம்.

நிக்கறதுக்கே அரை நாள்

கத்துக்குட்டிக்கு அகலமான பெரிய போர்டு, சின்னப் பாய். போர்டு 200 லிட்டர் அளவில் இருந்தால் இரண்டு பேர் ஏறினாலும் முங்காது. பாய் 4, 5 சதுர மீட்டர் போதும்.

முதல் வேலை போர்டில் ஏறி நிற்பது. அவ்வளவுதான்! பாய் தண்ணீரில் படுத்துக் கிடக்கும். காற்று உங்க முதுகில் படுகிற மாதிரி நின்றுகொள்ளணும். கம்பத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால். முழங்காலை லேசாக மடக்கி, கயிற்றைப் பிடித்துப் பாயை மெதுவாகத் தூக்கணும். கையால் இழுக்காதீங்க, உடம்பின் எடையால் இழுங்க. இல்லைன்னா மறுநாள் இடுப்பு உங்களைக் கேள்வி கேட்கும். தண்ணீர் வடிந்து பாய் எழும்புகிற அந்த நொடியில் கனம் சட்டென்று குறையும். தொண்ணூறு சதவீதம் பேர் அந்த நொடியில்தான் மல்லாந்து கடலில் விழுவார்கள். விழட்டும். இடுப்பளவுத் தண்ணீர், சித்திரை வெயில், விழுவதே சுகம்!

பாயைத் தூக்கியாச்சா? இப்போ பூமைப் பிடித்து, பின்கையால் கதவைச் சாத்துவது போலப் பாயை உங்கள் பக்கம் கொண்டுவாங்க. போர்டு நகரும். கதவைத் திறந்தால் நிற்கும். அதுதான் பிரேக். பயம் வந்தால் பாயை விட்டுடுங்க, எல்லாம் நின்றுவிடும்.

அடுத்து காற்றுக்கு எதிரே போவது. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாயும் போகாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி 'நோ என்ட்ரி'. அதனால் வலப்பக்கம் கொஞ்ச தூரம், இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று மலைப்பாதை பஸ் மாதிரி வளைந்து வளைந்துதான் மேலே ஏறணும். இதைக் கத்துக்கிட்டால்தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடியும். இளங்காற்றில் இது ஆமை வேகத்தில் நடக்கும். ஆமை வேகம்தான் இங்கே லாபம். எந்தத் தப்பு எந்தக் கால் அசைவால் வந்தது என்று நிதானமாகப் பார்க்க முடியும். பலமான காற்றில் தப்பு நடந்து, நீங்க தண்ணீரில் விழுந்து, மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறின பிறகுதான் 'ஏதோ நடந்துச்சு'ன்னே தெரியும்.

'இதெல்லாம் கத்துக்குட்டிக்கு சரி, அப்புறம் போரடிக்காதா?' அடிக்காது. போர்டைத் தண்ணீரில் செங்குத்தாக நிமிர்த்தி அதன் விளிம்பில் நின்று ஓட்டுறவங்க இருக்காங்க. பின்னோக்கி ஓட்டுறவங்க இருக்காங்க. பாயைக் காற்றுக்குள் சுழற்றித் திரும்புகிற 'ஹெலிகாப்டர் டாக்' என்று ஒரு வித்தை இருக்கு. எல்லாமே மெல்லிய காற்றில் பழகுகிற வித்தைகள்தான்.

தாத்தா வெச்சிருந்த பாய்

பலகை மேல பாய் என்பது கலிஃபோர்னியாவுக்குப் புதுசா இருக்கலாம். இந்தக் கடற்கரைக்கு ரொம்பப் பழசு. நாலு மரத்துண்டைக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அதில் ஒரு பாயை ஏற்றினால் ஆழ்கடல் வரை போய்வரலாம். உலகம் முழுக்க ஓடுகிற 'கேட்டமரான்' என்ற வார்த்தையே நம்ம கட்டுமரத்திலிருந்து போனதுதான். காற்று பக்கவாட்டில் தள்ளாமலிருக்க கட்டுமரத்தின் ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். விண்ட்சர்ஃபிங் போர்டின் அடியில் இறங்குகிற பலகை செய்கிற அதே வேலை!

குலசையே பாய்மரத்தை நம்பி வாழ்ந்த துறைமுகம். பேரிலேயே குலசேகர பாண்டியன் இருக்கார். இதே கரையில் வடக்கே காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்தக் கப்பல்கள் அத்தனையும் காற்றின் கால்ஷீட்டுக்குக் காத்திருந்தவைதான். தூத்துக்குடித் தோணிகள் நேற்று வரை பாயில்தான் கொழும்புக்கு ஓடின. அந்தத் தோணி உலகத்தைத் தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்க, 2013-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலைப் படிக்கலாம்.

நமக்குக் காத்துன்னா ஒரே காத்து. கடற்கரைக்காரர்களுக்கு அது வாடை, கொண்டல், சோழகம், கச்சான். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். தண்ணீர் ஓடுகிற ஓட்டத்துக்குத் தனியாக 'நீவாடு' என்று ஒரு பேர். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்குத் தாமான். பேர் வெச்சிருக்காங்கன்னா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடவடிக்கை தெரிஞ்சு வெச்சிருந்தாங்கன்னு அர்த்தம்.

1980-களுக்குப் பிறகு அவுட்போர்டு மோட்டார் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. பாய் மடங்கி வீட்டுக்குள் போய்விட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காத்து இல்லாத நாளில் நடுக்கடலில் துடுப்புப் போட்டு உசிரை விட்டவர்களுக்கு மோட்டார் ஒரு விடுதலை. ஆனால் பாயோடு சேர்ந்து ஒரு படிப்பும் கரையேறிவிட்டது. செத்த காத்திலும் எப்படிக் கரை சேர்வது என்ற அந்தப் படிப்பைக் கைப்பழக்கமாகக் கற்ற கடைசித் தலைமுறை இன்று தாத்தாக்கள். மணப்பாட்டுக் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் போய், 'தாத்தா, இந்தக் காத்து சாயங்காலம் வரை நிக்குமா?' என்று கேளுங்க. எந்த மொபைல் ஆப்பும் தராத பதில் கிடைக்கலாம். அவர் பேரனும் நீங்களும் சேர்ந்து ஒரு போர்டில் பாயைத் தூக்கினால், அந்தப் படிப்பு இன்னொரு வேஷத்தில் திரும்பி வரும். வேஷம் கட்டுவது குலசைக்குப் புதுசா என்ன?

மீனவத் தீவிலிருந்து ஒரு தங்கம்

'இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு, நமக்கு எங்க'ன்னு தோணுதா? ஹாங்காங் பக்கத்தில் சியுங் சாவ் என்று ஒரு குட்டித் தீவு. மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே வளர்ந்த லீ லாய்-ஷான் என்ற பெண், மாமா நடத்திய விண்ட்சர்ஃபிங் மையத்தில் பாய் பிடிக்கக் கற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் வரலாற்றில் ஹாங்காங்கின் முதல் தங்கம் அதுதான்!

நம்ம நாட்டுக் கணக்கும் மோசமில்லை. 2023-ல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஈபாத் அலி ஆர்எஸ்:எக்ஸ் வகை விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கினார். அதே போட்டியில் சிங்கிள் ஆள் ஓட்டும் ஐஎல்சிஏ 7 பாய்மரப் படகில் வெண்கலம் வாங்கியவர் நம்ம வேலூர் விஷ்ணு சரவணன். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண்ணாக ஆனவர் சென்னையின் நேத்ரா குமணன்.

காத்து கம்மியாக இருப்பது சாம்பியன்களுக்கும் ஒரு பரீட்சை. 2008 முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் ஓடிய ஆர்எஸ்:எக்ஸ் போர்டில் ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர் பாய். காற்று செத்துப்போனால் அந்தப் பெரிய பாயை விசிறி மாதிரி விடாமல் வீசி வீசிப் போர்டை நகர்த்தணும். ரேஸ் முடிவதற்குள் மூச்சு முட்டிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐக்யூஃபாயில் என்ற புது வகை வந்தது. அடியில் விமான இறக்கை மாதிரி ஒரு ஃபாயில். கொஞ்சம் வேகம் கிடைத்ததும் போர்டு தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். கடலே தொடாமல் கடலில் ஓட்டம்! அப்படியும் மார்சேய் கடலில் காற்று காலை வாரியதால் ரேஸ்கள் தள்ளிப்போயின. ஒலிம்பிக் வீரர்களே கரையில் உட்கார்ந்து காத்துக்குக் காத்திருந்தாங்க. நாம காத்திருந்தா கௌரவம் குறையாது.

காத்து இல்லை, ஆனா கடல் சும்மா இல்லை

இப்போ கொஞ்சம் சீரியஸ். காற்று குறைவு என்றால் கடல் அமைதி என்று அர்த்தம் கிடையாது. இது இரண்டும் வேற வேற. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயல் கிளப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். ஓலை அசையாது. கடல் மட்டும் திடீரென்று பொங்கி உள்ளே வரும். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பேர். நாம் மேலே தேர்ந்தெடுத்த சித்திரை மாதம்தான் இதற்கும் சீசன் என்பதை மறக்கக் கூடாது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஐந்து பேரும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். நம்ம வயசு. விண்ட்சர்ஃபிங் செய்யப் போகலை. நண்பர்களோடு கடல் பார்க்கப் போனவர்கள். அந்த நாளுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் கடல் எச்சரிக்கைகளைத் தினமும் வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்ப்பது, ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டோமா என்று பார்ப்பது மாதிரி. எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடலில் கால்கூட வேண்டாம். பஸ் காசு போனால் போகட்டும்.

ராக்கெட்டும் காத்து பார்க்கும்

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கும் மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கைக்கு மேலே போகாமல் வளைத்து ஓட்டணும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து தெற்கே நேராக வெறும் கடல். 500 கிலோ வரை சுமக்கிற எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுகளுக்கு இது பெரிய மிச்சம். அடிக்கல் நாட்டிய அன்றே இங்கிருந்து ரோகிணி ஆர்ஹெச்-200 என்ற குட்டி ராக்கெட்டையும் ஏவினார்கள். தும்பாவில் பல வருஷமாக வானத்துக் காற்றை அளக்கப் பயன்பட்ட வகை அது! குதிரைக் கப்பல், கட்டுமரம், ராக்கெட்... யார் வந்தாலும் இந்தக் கரையில் முதலில் காற்றைத்தான் விசாரிக்கணும் போல.

ராக்கெட் விடும் நாட்களில் கடலில் ஒரு பகுதிக்குள் படகுகள் போகக் கூடாது என்பது எந்த ஏவுதளத்திலும் உள்ள விதி. இது மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒரு நாள் வருமானம். நமக்கு ஒரு நாள் விளையாட்டு. அந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கரையில் நாம் விருந்தாளியாக இறங்கணும்.

எப்படிப் போறது?

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் 60 கிலோமீட்டர் வாக்கில். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து தெற்கே கடலோரமாகவே போனால் குலசை, இன்னும் கொஞ்சம் போனால் மணப்பாடு. ஒரே பஸ் ரூட்.

குலசைக் கரை திறந்த கடல். காத்தையும் நீரோட்டத்தையும் கவனிச்சுப் பழக நல்ல இடம். முதல் பாடத்துக்கு மணப்பாடு தேவலை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. குன்றின் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் அலையில்லாத தண்ணீர். 2010-களில் அலைச்சறுக்கு, பாய்மர விளையாட்டு விழாக்களை மணப்பாட்டில் நடத்தியிருக்கிறார்கள். குன்றை ஒட்டிப் பாறைகள் இருக்கு, அந்தப் பக்கம் போர்டோடு போகாதீங்க.

பசிச்சால் கவலையே வேண்டாம். இளங்காற்று சீசனும் பதநீர் சீசனும் ஒண்ணு! உடன்குடி பக்கத்தில்தான் இருக்கு. கருப்பட்டி வாங்காமல் வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறக்க மாட்டாங்க.

பையில் போட, மனசில் போட...

* போர்டும் பயிற்சியாளரும் அந்த வாரம் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்க. யூடியூப் பார்த்துவிட்டு நேரே கடலில் இறங்குவது கூடவே கூடாது.

* நீச்சல் தெரியணும். தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 'எனக்கு எதுக்கு மச்சி'ன்னு சொல்ற நண்பனுக்கு இரண்டு கட்டாயம்.

* தனியாகப் போகாதீங்க. கரையில் ஒருத்தர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கணும். மொபைலை இல்லை, உங்களை!

* இறங்கும் முன் அங்கிருக்கிற மீனவ அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை. வலை எங்கே விரிச்சிருக்கு, படகு எந்தப் பக்கம் கரையேறும், நீவாடு எப்படி என்று அவர் சொல்லுவார். அவர் 'இன்னைக்கு வேண்டாம்ப்பா'ன்னா, அதுதான் ஃபைனல் ஜட்ஜ்மென்ட்.

* காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசினால் இறங்காதீங்க. ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்தால் போதும், திசை தெரிந்துவிடும்.

* காற்று நின்றுபோய் நடுவில் மாட்டிக்கிட்டால் போர்டை விட்டுவிட்டு நீந்தாதீங்க. போர்டு மூழ்காது, நீங்க களைத்துப்போவீங்க. அதன் மேல் படுத்துக் கையால் துழாவி வாங்க. முடியலைன்னா இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைங்க. உலகம் முழுக்க 'உதவி தேவை' என்பதற்கு அதுதான் சைகை.

* வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, நிறையத் தண்ணீர். ஐந்தரை மணிக்குக் கரையில் இருக்கணும். கடல்காத்து பொழுதோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விடும், உங்களுக்காக ஓவர்டைம் பார்க்காது.

செமஸ்டர் முடிஞ்சதும் எங்கே போகலாம்னு குரூப்ல சண்டை நடக்குதா? இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. 'அங்க காத்தே இருக்காதேடா'ன்னு ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான். அவனை முதல்ல போர்டுல ஏத்துங்க!